பீச்சாங்கைக்கும் சோத்தாங்கைக்கும் ஒரே துப்பாக்கிக் கட்டை

எங்கள் வீட்டில் பீச்சாங்கைக்காரன் நான் ஒருத்தன்தான். சின்ன வயதில் அப்பத்தா என் இடது கையைத் தன் முந்தானைக்குள் பிடித்து வைத்துக்கொண்டுதான் சோறு சாப்பிடப் பழக்கினார். சாப்பாடு சோத்தாங்கைக்கு மாறிவிட்டது, எழுத்தும் பந்து எறிவதும் கடைசிவரை மாறவில்லை. கல்லூரியில் என்.சி.சி.யில் .22 ரைபிளைக் கையில் கொடுத்தபோது யோசிக்காமல் இடது தோளில் வைத்தேன். பயிற்சி கொடுத்தவர் ஒன்றும் பேசாமல் வந்து அதை எடுத்து வலது தோளில் வைத்துவிட்டுப் போனார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. குண்டு போட இழுத்துத் தள்ளுகிற போல்ட் வலது பக்கம்தான் இருந்தது, இடது தோளில் வைத்தால் ஒவ்வொரு குண்டுக்கும் கை சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகணும். ஐந்து குண்டில் இரண்டுதான் அட்டையில் பட்டது. அதோடு அந்த ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

மூன்று வருடம் முன்பு ஒரு ஏர் ரைபிள் வாங்கினேன். பேரலை மடக்கி ஸ்பிரிங்கை இழுத்து நிறுத்துகிற வகை, குழல் துளை .177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டர். 2016 ஆயுத விதிகளின்படி .177க்கு மேல் போகாமல், குண்டு வெளியே வரும்போது அதன் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டாமல் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். துப்பாக்கி என்றதும் எங்கள் பக்கம் முதல் கேள்வி "புறா அடிக்கவா, குரங்கு விரட்டவா?" என்பதுதான். இரண்டும் இல்லை. 1972 வன உயிரினச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், பக்கத்திலேயே வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டுவிட்டவர்கள். அந்த வழியாகப் பஸ்ஸில் போய்வருகிறவன் நான். எனக்கு வேண்டியது அட்டையில் ஓட்டை போடுவது, அவ்வளவுதான்.

அதற்கு இடம் வீட்டிலேயே இருந்தது. காரைக்குடி பக்கம் பள்ளத்தூரில் ஐயா காலத்து வீடு. முகப்பில் நின்று பார்த்தால் நடுமுற்றமான வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்கோடாகத் தெரியும். சுடுவதற்கு வேண்டிய 10 மீட்டர் நீளத்தைத் தேடி அலைய வேண்டிய அவசியமே இல்லை, வளவுத் தாழ்வாரம் ஒன்றே போதும். டேப் வைத்து அளந்து, நிற்கிற இடத்தில் ஆத்தங்குடிக் கல்லில் ஒரு பூவைக் குறித்துவைத்துக்கொண்டேன். எதிர்முனையில் 15 கிலோ எண்ணெய் டின், உள்ளே பழைய துணியை இறுக்கித் திணித்து, பின்னால் இரும்புத் தகடு, அதற்கும் பின்னால் ஒன்றரை அடி கனத்துச் சுவர். அந்தச் சுவர் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி மெருகேற்றியது. அதில் ஒரு பொட்டு விழுந்தால் அப்பத்தா என்னை வீட்டில் சேர்க்க மாட்டார். இரண்டு பக்கக் கதவையும் தாழ் போட்ட பிறகுதான் குண்டு இருக்கிற பெல்லட் டப்பாவையே திறப்பது. வளவு வழியாக யாராவது முறத்தோடு குறுக்கே வந்துகொண்டேதான் இருப்பார்கள் என்பதால் இதில் மட்டும் தாட்சண்யமே கிடையாது.

சரி, கட்டை விஷயத்துக்கு வருகிறேன். துப்பாக்கியின் இரும்பைத் தாங்குகிற, தோளில் வைத்துக் கன்னம் சாய்க்கிற மரப்பகுதியை, ஸ்டாக் என்று கடைக்காரர்கள் சொல்வதை, இங்கே கட்டை என்றே எழுதுகிறேன். துப்பாக்கியோடு வந்த கட்டை வலதுகைக்காரருக்குச் செதுக்கியது. வலது தோளில் வைக்கிறவருக்குக் கன்னம் கட்டையின் இடது பக்கத்தில் படியும். அதனால் அந்தப் பக்கம் மட்டும் ஒரு மேடு, பிடியில் உள்ளங்கை நிறையட்டும் என்று வலது பக்கம் மட்டும் ஒரு புடைப்பு. நான் இடது தோளில் வைத்தால் மேடு வெளிப்பக்கம் போய்விடும், என் கன்னம் வழுக்கை மரத்தில் பிடிமானமில்லாமல் நழுவும், புடைப்போ உள்ளங்கைக்கு வராமல் விரல் நுனியில் வந்து இடிக்கும். ஒரு வருடம் அப்படியே சுட்டேன். வலது காலில் இடது செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி. நடக்கலாம், நடக்க முடியாது என்றில்லை.

இடதுகைக்கென்றே தனிக்கட்டை கிடைக்குமா என்று தேடினேன். என் மாடலுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது மதுரையில் ஒருவர் கழற்றி வைத்திருந்த ஆம்பிடெக்ஸ்ட்ரஸ் கட்டை. எனக்கு அதைப் பொதுக்கட்டை என்று சொல்லத்தான் வாய் வருகிறது. பீச் மரம், கன்னம் படியும் இடம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, பிடியில் கட்டைவிரல் பள்ளமும் இரண்டு பக்கம். நடுவே ஒரு கோடு கிழித்தால் இந்தப் பாதி அந்தப் பாதிக்குக் கண்ணாடி. வாங்குவதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளணும். கட்டை பொதுவாக இருந்து பயனில்லை, அதில் உட்காருகிற இரும்பும் பொதுவாக இருக்கணும். என்னுடையதில் சுடாமல் தடுக்கிற சேஃப்டி ட்ரிகருக்கு முன்னால் வளையத்துக்குள் இருக்கிறது, எந்தக் கை விரலானாலும் தள்ளலாம். பேரலை மடக்குவதற்கும் கைப்பேதம் இல்லை. பக்கவாட்டு லீவரோ வலதுபக்க போல்ட்டோ உள்ள துப்பாக்கிக்குப் பொதுக்கட்டை போட்டால் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்பீர்கள்.

மதுரைக்காரர் "அதே மாடல்தான், அப்படியே உட்கார்ந்துடும்" என்றார். உட்காரவில்லை. முன்பக்க ஸ்க்ரூ ஓட்டை ஒரு மில்லிமீட்டர் முன்னே போயிருந்தது, ஸ்பிரிங் இருக்கிற இரும்புக் குழாயான சிலிண்டர் பின்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அரத்தை எடுத்து நானே தேய்த்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நல்லவேளை, தேய்க்கவில்லை. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய கதவு, நிலை, தூண் எல்லாம் சரிசெய்து கொடுக்கிற ஆசாரி ஒருவரைத் தெரியும், அவரிடம் காரைக்குடிக்குக் கொண்டுபோனேன். முதலில் அவருக்குக் கட்டையே பிடிக்கவில்லை. "என்ன தம்பி வெளிநாட்டு மரம், மூலையில ஒரு பர்மா தேக்குத் துண்டு கெடக்கு, இழைச்சுத் தரவா?" என்றார். அப்புறம் அவரே இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு, "இல்ல, வேணாம், தேக்குல எண்ணெ இருக்கு, பின்னாடி எதுவும் ஒட்டணும்னா பசை நிக்காது" என்று பீச்சுக்கே வந்துவிட்டார்.

அவர் செய்ததைப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். ஒரு அகல் விளக்கை ஏற்றி, அதன் மேல் தட்டைக் காட்டி, படிந்த கரியை வழித்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்தார். கண்மை மாதிரியே இருந்தது. அதைச் சிலிண்டரின் அடிப்பக்கத்தில் விரலால் மெல்லிசாகத் தடவி, கட்டையில் வைத்து ஒரே ஒரு தட்டு, உடனே தூக்கிவிட்டார். மரத்தில் நாலு இடத்தில் கறுப்புப் பொட்டு விழுந்திருந்தது. "மை எடுத்த எடம்தான் இடிக்குது. அதை மட்டும் சீவணும், மத்ததத் தொடவே கூடாது." உளியை நிமிர்த்திப் பிடித்து, வெட்டாமல், சுரண்டினார், தூள்தான் வந்தது. மறுபடி மை, மறுபடி தட்டு. பதினைந்து இருபது தடவை நடந்திருக்கும், கடைசியில் பொட்டுப் பொட்டாக இருந்தது போய் இரண்டு பக்கமும் ஒரே சீராகக் கறுப்பு பரவியது. சிலிண்டர் இப்போது ஆடாமல் உட்கார்ந்தது. நான் அரத்தால் தேய்த்திருந்தால் தொளதொள என்று ஆகியிருக்கும், எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது. முன்பக்க ஓட்டையை நீளவாக்கில் ஒரு மயிரிழை விரித்துக்கொடுத்தார், அவ்வளவுதான். உட்பக்கம் வெறும் மரமாக விட்டால் ஈரம் குடிக்கும் என்று ஆளி விதை எண்ணெய் மூன்று கை பூசச் சொன்னார். பூசிய துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், அந்த எண்ணெய் காயும்போது சூடாகித் துணி தானாகவே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போட்டுவிட்டுத்தான் எறியணும்.

நீளம்தான் அடுத்த வேலை. துப்பாக்கியின் பின்முனையை முழங்கை மடிப்பில் வைத்துப் பிடியைப் பிடித்தால் ஆள்காட்டி விரலின் முதல் கணு ட்ரிகரில் வரணும். இது நாட்டுக் கணக்குதான், ஆனால் தொடங்குவதற்குப் போதும். எனக்கு ட்ரிகரிலிருந்து பின்முனை வரை 36 சென்டிமீட்டர் தேவைப்பட்டது. என்னோடு சேர்ந்து சுடுகிற அக்கா மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது, அவனுக்கு 33. வந்த கட்டையோ 34, இரண்டு பேருக்குமே உதவாது. ஆசாரி பின்முனையில் ஒரு சென்டிமீட்டர் அறுத்து 33 ஆக்கிவிட்டு, அறுத்த முகத்தின் வடிவத்திலேயே பிளைவுட்டில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மூன்று தகடு வெட்டிக் கொடுத்தார். ரப்பர் பேடுக்கும் கட்டைக்கும் நடுவே மூன்றையும் சொருகினால் நான், மூன்றையும் எடுத்தால் அவன். ஸ்க்ரூ மட்டும் நீளம், குட்டை என்று இரண்டு ஜோடி.

உயரம் கொஞ்சம் படுத்தியது. பொதுக்கட்டையில் கன்னமேடு நடுவாந்தரமாக, தாழ்வாகத்தான் இருக்கும். யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் செய்ததால் யாருக்கும் முழுசாகப் பொருந்தாது, அதைச் சொல்லித்தான் ஆகணும். அதிலும் நான் குறிபார்க்கிற தொலைநோக்கியான ஸ்கோப் வைத்திருக்கிறேன், கண் இன்னும் மேலே வரணும். சோதித்துப் பார்க்கிற வழி சுலபம். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்து, கன்னத்தை வசதியாகச் சாய்த்து, அப்புறம் கண்ணைத் திறந்தால் ஸ்கோப்பில் முழு வட்டம் தெரியணும். எனக்குப் பிறைதான் தெரிந்தது, தலையைத் தூக்கினால் முழுநிலா, ஆனால் கன்னம் மரத்தில் இல்லை. செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து, உள்ளே ஸ்பாஞ்சு, மேலே தோல், அடியில் ஷூ லேஸ் மாதிரி இழுத்துக் கட்டுகிற ஒரு உறை தைத்து வாங்கினேன். மேடு இரண்டு பக்கமும் சமமாக எழும்பியதால் பொதுக்கட்டை பொதுக்கட்டையாகவே இருக்கிறது.

பொருத்தும்போது நான் சொதப்பியதையும் எழுதிவிடுகிறேன். பழைய ஸ்க்ரூவில் ஒன்று தலை மழுங்கியிருந்தது. காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு கடையில் அதே மரை, கொஞ்சம் நீளமானதை வாங்கிப் போட்டேன், நீளம் கூடினால் பிடிமானம்தானே என்று நினைப்பு. முதல் தடவை பேரலை மடக்கும்போது கிரீச் என்று ஒரு சத்தம். கழற்றிப் பார்த்தால், உள்ளே தள்ளுகிற நீளக் கம்பியில் ஸ்க்ரூ முனை உரசிக் கோடு போட்டிருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் அராவிய பிறகு சரியானது. கட்டையைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் ஸ்பிரிங் இழுபட்ட நிலையில் இருக்கக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

இரண்டாவது சொதப்பல் இதைவிட நீளமானது. முதல் வாரம் பத்து குண்டும் ஒரு ரூபாய்க் காசுக்குள் விழுந்தன. இரண்டாம் வாரம் டீ கிளாஸ் வாயளவு. பெல்லட்டைச் சந்தேகப்பட்டு வேறு டப்பா வாங்கினேன், ஸ்கோப்பைச் சந்தேகப்பட்டுக் கழற்றி மாட்டினேன், என் மூச்சைக்கூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் முன்பக்க ஸ்க்ரூ இரண்டும் கையாலேயே சுற்ற வந்தது. ஸ்பிரிங் துப்பாக்கி மற்ற துப்பாக்கி மாதிரி ஒரே பக்கமாக உதைக்காது. ஸ்பிரிங் தள்ளுகிற பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே வரும், பிஸ்டன் போய் நின்றதும் முன்னே இழுக்கும், ஒவ்வொரு குண்டுக்கும் இந்த ஆட்டம்தான். புது மரம் வேறு அமுங்கிக் கொடுக்கும். இப்போது நட்சத்திர வாஷரும், மரை கழலாமல் பிடிக்கிற நீல திரவம் ஒரு சொட்டும். இடம் வலம் மாறிமாறிக் கால் திருப்பாக இறுக்கி, கடைசியில் ட்ரிகர் வளையத்து ஸ்க்ரூ. மரம் நசுங்குகிற அளவுக்கு முறுக்கக்கூடாது. இரண்டு மூன்று அட்டைக்கு ஒரு தடவை ஆலன் கீயை வைத்துப் பார்த்துவிடுகிறேன்.

அக்கா மகன் கதைதான் நான் இதை எழுத உட்கார்ந்ததற்கே காரணம். அவன் சுத்தமான சோத்தாங்கைக்காரன். வலது தோளில் வைத்து ஆறு மாதம் சுட்டான், குண்டு எல்லாம் இடது பக்கம் போய்ச் சிதறும், நானும் ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கிறாய் என்று திட்டிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அவன் ஸ்கோப்பில் பார்க்கும்போது கவனித்தால், தலையை அப்படியே கட்டைக்கு மேல் சாய்த்து இடது கண்ணைக் கொண்டுவரப் பார்க்கிறான். கூப்பிட்டு, இரண்டு கையையும் நீட்டி விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோணம் வைத்து, அதன் வழியாக வளவில் தொங்குகிற விளக்கைப் பார்க்கச் சொன்னேன். வலது கண்ணை மூடினால் விளக்கு அங்கேயே இருந்தது, இடது கண்ணை மூடினால் காணாமல் போனது. கை வலது, கண் இடது. இப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள், தெரியாமலேயே.

"இடது தோளில் வச்சுப் பாருடா."

"மாமா, அது உங்க பக்கம்."

வைத்துப் பார்த்தான். முதல் நாள் கைகால் தெரியாமல் தடுமாறினான். மூன்றாம் வாரம் பத்து குண்டின் பரவலை ஸ்கேல் வைத்து அளந்தேன். வலது தோளில் 41 மில்லிமீட்டர், இடது தோளில் 28. ஒலிம்பிக் ஏர் ரைபிள் அட்டையில் பத்து என்கிற புள்ளி அரை மில்லிமீட்டர்தான், அதை நினைத்தால் இரண்டுமே சிரிப்புக்குரிய கணக்கு, ஆனால் எங்கள் வளவில் அன்றைக்கு அது பெரிய விஷயம். இடது கண்ணை மறைத்துக்கொண்டு வலது தோளிலேயே பழகுகிறவர்களும் உண்டு, அதுவும் முறைதான். இவனுக்கு இது ஒத்துவந்தது. பழைய கட்டை இருந்திருந்தால் தோளை மாற்றிப் பார் என்று சொல்லவே எனக்குத் தோன்றியிருக்காது, தோன்றியிருந்தாலும் மேடு இடித்து முதல் நாளே வேண்டாம் என்றிருப்பான். அப்பத்தா திண்ணையிலிருந்து எழுந்து வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "ஏண்டா, நல்லா இருந்த புள்ள, இவனையும் கெடுத்துட்டியா?"

இப்போது இரண்டு பேருமே இடது தோள். அப்புறம் எதற்குப் பொதுக்கட்டை என்று அக்கா கேட்டாள், கேட்டுவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே வலது தோளில் வைத்து அரை டப்பா பெல்லட்டைத் தீர்த்தாள். அதில் ஒரு வேடிக்கை தெரிந்தது. எனக்குச் சரியாக வைத்திருந்த ஸ்கோப்பில் அவள் சுட்டால் எல்லாம் எட்டு மில்லிமீட்டர் தள்ளி விழுகிறது, கூட்டமாகத்தான், ஆனால் தள்ளி. ஸ்பிரிங் துப்பாக்கி பிடிக்கிற கைக்கும் சாய்கிற கன்னத்துக்கும் தகுந்தபடி வேறு திசையில் துள்ளும். என் ஸ்கோப்பின் திருகில் ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ. என்கிற கோண அளவு, 10 மீட்டரில் அது சுமார் 0.7 மில்லிமீட்டர், அப்படியானால் 11 கிளிக். உறையின் தோலில் அடிப்பக்கமாகப் பேனாவில் எழுதிவைத்திருக்கிறேன், அக்கா வந்தால் வலது 11, போனால் இடது 11. கட்டையின் முன்பாகத்தை இறுக்கிப் பிடிக்காமல், விரித்த உள்ளங்கையில் சும்மா கிடக்கவிட்டால் இந்த வித்தியாசமே குறைகிறது. அக்காவுக்கு அதைச் சொன்னால் கோபம் வருகிறது, "கீழ விழுந்துட்டா நீயா வாங்கித் தருவ?" என்கிறாள். துப்பாக்கியே என்னுடையது.

தோள் மாறினால் பெல்லட் போடுகிற கையும் மாறும், அதில் கவனம் வேண்டும். பேரல் மடங்கி நிற்கும்போது ட்ரிகரில் கை பட்டால் பேரல் அறைந்துகொண்டு மூடும். விரல் அங்கே இருந்தால் விரல் போச்சு. அதனால் இடது தோள்காரர்கள் வலது கையால் பேரலைப் பிடித்துக்கொண்டே இடது கையால் பெல்லட்டை வைக்கிறோம், அக்கா அதற்கு நேர் எதிர். பிடித்த கையை மூடும்வரை விடுவதில்லை. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் அடுப்படிக்குள் போகக்கூடாது, பெல்லட் ஈயம்.

போன மாதம்வரை தகடு இல்லாமல் சுட்ட அக்கா மகன், இந்தப் பள்ளி லீவில் வந்து தோளில் வைத்தால் மூக்கு ஸ்கோப்பில் போய் இடிக்கிறது. ஒரு தகடு சொருகிப் பார்த்தோம், சரியாக இருக்கிறது. ஆனால் குட்டை ஸ்க்ரூ மரத்தைத் தொடவில்லை, நீள ஸ்க்ரூ முழுசாக இறங்காமல் தலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவாந்தர நீளத்தில் ஒரு ஜோடி வேண்டும். நாளைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு கல்லுக்கட்டி போகணும், இந்த முறை பழையதை மாதிரிக்குக் கையில் எடுத்துக்கொண்டு.